பெயர் சொல்லாத அண்டை நாடு: மேற்கு ஜெர்மனியின் கிழக்குக் கொள்கை மாறிய விதம்

1963 டிசம்பர் 17 அன்று பெர்லினில் ஒரு சிறிய ஆவணம் கையெழுத்தானது. மேற்கு பெர்லினில் வாழ்ந்தவர்கள் கிறிஸ்துமஸ் நாட்களில் சுவரைத் தாண்டிப் போய்க் கிழக்கு பெர்லினில் உள்ள உறவினர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு உடன்பாடு அது. இடங்கள், அலுவலகங்கள், பதவிகள் ஆகியவற்றுக்குப் பொதுவான பெயர்களில் உடன்பாடு எட்ட முடியவில்லை என்பதை இரு தரப்பும் பதிவு செய்வதாக அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கையெழுத்திடும் எதிர்த் தரப்பு யார், அவர் எந்த நாட்டின் அதிகாரி, அந்த நகரத்தின் பெயர் என்ன என்பதில்கூட ஒத்துப்போகாத இருவர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

பகைத்துப் பிரிந்த அண்டை நாட்டை நோக்கிய வெளியுறவுக் கொள்கை எப்படி மாறுகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வாக்கியம்தான். ஒரு தலைவர் துணிந்து பழைய கொள்கையைத் தூக்கியெறிகிறார், புதியது பிறக்கிறது என்றே நாம் பெரும்பாலும் கற்பனை செய்துகொள்கிறோம். மேற்கு ஜெர்மனியில் அப்படி நடக்கவில்லை. பழைய கொள்கை கடைசி நாள்வரை ஏட்டில் அப்படியே இருந்தது. அதைத் தொடாமல், அதைச் சுற்றிச் சுற்றி வேறொரு நடைமுறையை எழுதிச் சேர்த்தார்கள். அந்த வேலைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

1949இல் இரண்டு ஜெர்மன் அரசுகள் உருவானபோது, பான் நகரில் அமர்ந்த மேற்கு ஜெர்மன் அரசு, முழு ஜெர்மானிய மக்களுக்கும் தான் மட்டுமே முறையான பிரதிநிதி என்று கூறியது. கிழக்கில் இருப்பது சுதந்திரமான தேர்தலில் பிறந்த அரசு அல்ல, சோவியத் படைகளின் நிழலில் நிற்பது என்பது அதன் வாதம். வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் அதன் விளைவாக அண்டை நாட்டின் பெயரை உச்சரிப்பதே தவறாகிப் போனது. 'சோவியத் ஆக்கிரமிப்பு மண்டலம்' என்பார்கள். சுருக்கமாக 'மண்டலம்' என்பார்கள். பேச்சுவாக்கில் 'அந்தப் பக்கம்' என்பார்கள். ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்ற பெயரின் சுருக்கத்தை அச்சிட வேண்டி வந்தால், ஸ்பிரிங்கர் நிறுவனத்தின் நாளேடுகள் அதை மேற்கோள் குறிகளுக்குள் வைத்தே அச்சிட்டன. 1989 ஆகஸ்ட்டில்தான் அவை அந்தக் குறிகளை நீக்கின. அடுத்த மூன்று மாதங்களில் பெர்லின் சுவர் திறந்துவிட்டது.

இந்த நிலைப்பாட்டுக்குப் பல் கொடுத்தது 1955இன் இறுதியில் உருவான ஹால்ஸ்டைன் கோட்பாடு. வெளியுறவு அமைச்சகத்தின் உயர் அதிகாரி வால்டர் ஹால்ஸ்டைனின் பெயரால் அது அழைக்கப்பட்டாலும், அதன் வரையறையில் பெரும்பங்கு வில்ஹெல்ம் கிரேவே என்ற சட்ட அறிஞருடையது. எந்த நாடாவது கிழக்கு ஜெர்மனியை அங்கீகரித்தால், அதை நட்புக்கு மாறான செயலாகக் கருதுவோம், தேவைப்பட்டால் உறவை முறித்துக்கொள்வோம் என்பதே அதன் சாரம். சோவியத் ஒன்றியத்துக்கு மட்டும் விலக்கு. ஏனென்றால் அதே ஆண்டு செப்டம்பரில் சான்சலர் அடினாவர் மாஸ்கோ சென்று, அங்கே இன்னும் சிறையிருந்த ஏறத்தாழ 10,000 போர்க் கைதிகளை மீட்பதற்காகத் தூதரக உறவுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். கோட்பாடு பிறக்கும்போதே விதிவிலக்கோடு பிறந்தது. அந்த விதிவிலக்கும் மனிதர்களை வீடு சேர்ப்பதற்காகத்தான் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1957இல் யூகோஸ்லாவியாவோடும் 1963இல் கியூபாவோடும் உறவு முறிக்கப்பட்டது. இலங்கைகூட இந்தக் கோட்பாட்டின் சூட்டை உணர்ந்தது: 1964இல் கொழும்பில் கிழக்கு ஜெர்மனி துணைத் தூதரகம் திறக்க அனுமதித்ததற்காகப் பான் அரசு தன் வளர்ச்சி உதவியை நிறுத்தியது. இந்தியா கிழக்கு ஜெர்மனியோடு வணிகம் செய்துகொண்டே, 1972 அக்டோபர் வரை முறையான அங்கீகாரம் தராமல் நாளைக் கடத்தியது.

முகம் கொடுத்துப் பேசாத இந்த ஆண்டுகளிலும் இரு ஜெர்மனிகளுக்கும் இடையே சரக்கு போய் வந்துகொண்டுதான் இருந்தது. 1951 செப்டம்பரில் கையெழுத்தான பெர்லின் உடன்பாட்டின்படி அந்த வணிகத்துக்குச் சுங்க வரி கிடையாது, ஏனென்றால் பானின் கண்ணில் அது வெளிநாட்டு வணிகம் அல்ல. கணக்கு எந்தப் பணத்தில்? மேற்கின் மார்க் என்று எழுதினால் கிழக்கு ஏற்காது. கிழக்கின் மார்க்குக்குச் சமம் என்று எழுதினால் மேற்கு ஏற்காது. ஆகவே 'கணக்கு அலகு' என்று பெயரற்ற ஒரு பணத்தை உருவாக்கினார்கள். அரசும் அரசும் பேசுவதாகத் தெரியக்கூடாது என்பதற்காக, பேச்சு நடத்தும் அலுவலகத்தைத் தொழில் வணிகச் சபையின் கீழ் வைத்தார்கள். 1957இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறந்தபோது, இந்த உள்வணிகத்துக்கு ஊறு வராதபடி ஒரு தனி நெறிமுறையையும் ரோம் ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொண்டார்கள். பேச்சே இல்லை என்று சொல்லப்படும் இரு நாடுகளுக்கு இடையில் இப்படி ஒரு பின்வாசல் பெரும்பாலும் இருக்கும். கொள்கை மாறப்போகும் திசையை அறிய வேண்டுமானால் தலைவர்களின் உரைகளைவிட அந்தப் பின்வாசலைக் கவனிப்பது பயன் தரும் என்பது என் எண்ணம்.

1960 செப்டம்பரில் கிழக்கு பெர்லினுக்குள் நுழைவதில் புதிய கட்டுப்பாடுகள் வந்தபோது, பதிலடியாகப் பான் அரசு இந்த வணிக உடன்பாட்டை ரத்து செய்வதாக அறிவித்தது. ஆனால் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலைகளும் தண்டவாளங்களும் கிழக்கு ஜெர்மன் மண்ணில் கிடந்தன. அந்தக் கழுத்தை மறுபக்கம் நெரிக்க முடியும். ஆண்டு முடிவதற்குள் ரத்து சத்தமின்றித் திரும்பப் பெறப்பட்டது.

1961 ஆகஸ்ட் 13 அன்று சுவர் எழும்பியது. மேற்கு பெர்லின்வாசிகள் எதிர்பார்த்த அளவுக்கு நேச நாடுகள் எதிர்வினை காட்டவில்லை. அன்று அந்நகரின் மேயர் வில்லி பிராண்ட். வலிமையால் கிழக்கைப் பணிய வைத்து நாட்டை இணைப்போம் என்ற பேச்சு இனி யாரையும் ஆறுதல்படுத்தாது என்பதை அவரும் அவருடைய உதவியாளர் ஈகன் பாரும் உணர்ந்தார்கள். அதே காலத்தில் கோட்பாட்டின் செலவும் ஏறிக்கொண்டே போனது. கிழக்கை அங்கீகரித்துவிடுவோம் என்று லேசாகக் கோடிகாட்டினாலே பானிடமிருந்து உதவி வாங்கலாம் என்பதைப் பல நாடுகள் கற்றுக்கொண்டன. 1965இல் எகிப்து கிழக்கு ஜெர்மனியின் தலைவர் உல்பிரிக்ட்டைக் கெய்ரோவுக்கு அழைத்து வரவேற்றது. பான் எகிப்துக்கான உதவியை நிறுத்தி, இஸ்ரேலோடு தூதரக உறவை ஏற்படுத்தியது. உடனே பத்து அரபு நாடுகள் பானோடு உறவை முறித்தன. கிழக்கைத் தனிமைப்படுத்தச் செய்த ஆயுதம் மேற்கைத் தனிமைப்படுத்தியது. 1969இல் கம்போடியா கிழக்கை அங்கீகரித்தபோது, உறவை முறிக்கவும் மனமில்லாமல் சும்மா இருக்கவும் முடியாமல், பான் தூதரைத் திரும்ப அழைத்து உறவை 'உறைய' வைத்தது. இதிலிருந்து 'கம்போடியாப்படுத்துதல்' என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் ஒரு வினைச்சொல்லே பிறந்தது. தண்டனைக்கு நடுவழி ஒன்று தேட வேண்டி வந்ததும், பழைய கொள்கையை இயக்கியவர்களே அதை நம்பவில்லை என்பது வெளிப்பட்டது.

நாட்களைச் சற்றுப் பின்னோக்கி நகர்த்துகிறேன். 1963 ஜூலை 15 அன்று டுட்சிங் நகரின் புராட்டஸ்டன்ட் கல்விக்கழகத்தில் ஈகன் பார் ஆற்றிய உரையில் 'நெருங்குவதன் வழியே மாற்றம்' என்ற தொடர் வந்தது. கிழக்கு அரசைக் கவிழ்ப்பதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதன் அச்சத்தைக் குறைத்தால்தான் எல்லையும் சுவரும் இளகும் என்பது அவர் வாதம். எதிர்க்கட்சியினர் மட்டுமல்லாமல் அவருடைய கட்சியிலேயே பலர் கொதித்தார்கள். அடுத்த ஐந்து மாதங்களில் வந்ததுதான் அனுமதிச் சீட்டு உடன்பாடு.

1961 ஆகஸ்ட் முதல் மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்குப் பகுதிக்குள் காலடி வைக்க முடியவில்லை. ஒரே நகரத்தில், சில தெருக்கள் தள்ளி, தாயும் மகளும் இருபத்தெட்டு மாதங்கள் பார்த்துக்கொள்ளாமல் இருந்தார்கள். டிசம்பர் 19 முதல் ஜனவரி 5 வரை ஒருநாள் பயணத்துக்கு அனுமதி. பள்ளிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் அமைத்த அலுவலகங்களில் கிழக்கு ஜெர்மன் அஞ்சல்துறை ஊழியர்களாக அனுப்பப்பட்டவர்கள் விண்ணப்பங்களை வாங்கினார்கள். மக்கள் குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். அந்தப் பதினெட்டு நாட்களில் ஏறத்தாழ 12 லட்சம் பயணங்கள் நடந்தன. பான் அரசுக்குத் தயக்கம் இருந்தது; இது அங்கீகாரமாகிவிடாதா என்ற கேள்வி ஓயவில்லை. அந்த அச்சத்துக்குப் பதிலாகத்தான், பெயர்களில் உடன்பாடு இல்லை என்ற வாக்கியம் எழுதப்பட்டது. யாரும் எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மக்கள் போய் வந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் வந்த பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் இந்த வாக்கியத்தின் விரிவுரைகள் என்றே நான் கருதுகிறேன்.

1966இல் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து அமைத்த கூட்டணி அரசில் பிராண்ட் வெளியுறவு அமைச்சரானார். 1967 ஜனவரியில் ருமேனியாவோடு உறவு ஏற்பட்டது. அங்கே ஏற்கெனவே கிழக்கு ஜெர்மனியின் தூதர் இருந்தார். அதே ஆண்டு கிழக்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி ஷ்டோஃப் எழுதிய கடிதத்துக்குச் சான்சலர் கீசிங்கர் பதில் எழுதினார். இதற்கு முன் எந்தச் சான்சலரும் அப்படி எழுதியதில்லை. ஆனாலும் நாடாளுமன்றத்தில் அந்த நாட்டைக் குறிப்பிட வேண்டி வந்தபோது, அந்தப் பக்கம் ஒரு 'தோற்றப்பாடு' உருவாகியிருக்கிறது என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. கடிதம் எழுதக் கை வந்துவிட்டது. நாடு என்று சொல்ல நா எழவில்லை.

அந்தச் சொல் 1969 அக்டோபர் 28 அன்று வந்தது. சான்சலராகிவிட்ட பிராண்ட் தன் முதல் கொள்கை உரையில், ஜெர்மனியில் இரண்டு அரசுகள் இருந்தாலும் அவை ஒன்றுக்கொன்று வெளிநாடு அல்ல, அவற்றின் உறவு தனிவகையானதாகவே இருக்க முடியும் என்றார். முதல் பாதி கிழக்குக்கு. இரண்டாம் பாதி தன் நாட்டு அரசியல் சட்டத்துக்கு. அதே வாரங்களில் 'முழு ஜெர்மன் விவகார' அமைச்சகம் 'உள்ஜெர்மன் உறவுகள்' அமைச்சகமானது. கிழக்கோடான உறவு அப்போதும் வெளியுறவு அமைச்சகத்தின் வேலையாக ஆக்கப்படவில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

1970 மார்ச் 19 அன்று பிராண்ட் ரயிலில் கிழக்கு ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகருக்குச் சென்று ஷ்டோஃபைச் சந்தித்தார். விடுதிக்கு வெளியே காவல் வளையத்தை உடைத்துக்கொண்டு வந்த கூட்டம் அவரை ஜன்னலுக்கு வரச் சொல்லிக் கூவியது. இருவர் பெயரும் வில்லி என்பதால், எந்த வில்லி என்பதில் ஐயம் வேண்டாம் என்று 'வில்லி பிராண்ட்' என்று முழுப் பெயரையும் கூவினார்கள். ஜன்னலுக்கு வந்த பிராண்ட், கைகளைத் தாழ்த்தி அமைதி காக்கும்படி சைகை செய்தார். மறுநாள் தான் பாதுகாப்பாக பானில் இருப்போம், கூவியவர்கள் அங்கேயே இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். மக்களின் அன்பைத் தூண்டிவிட்டு லாபம் பார்க்கும் ஆசை எந்தத் தலைவருக்கும் வரக்கூடிய அந்த நொடியில் அவர் காட்டிய அடக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒப்பந்தங்களின் வரிசையிலும் ஒரு தெளிவு இருந்தது. கிழக்கு பெர்லினின் கதவைத் திறக்கும் சாவி மாஸ்கோவில் இருந்ததால் முதலில் மாஸ்கோ ஒப்பந்தம், 1970 ஆகஸ்ட்டில். பிறகு டிசம்பரில் போலந்தோடு வார்சா ஒப்பந்தம். 1971இல் பெர்லின் பற்றி நான்கு வல்லரசுகளின் உடன்பாடு. மாஸ்கோவில் எல்லைகள் மீற முடியாதவை என்று ஒப்புக்கொண்டபோது, ஜெர்மானிய மக்கள் சுதந்திரமான முடிவின் மூலம் ஒற்றுமையை மீண்டும் அடைவதற்கு இந்த ஒப்பந்தம் முரணானது அல்ல என்று ஒரு தனிக் கடிதத்தை மேற்கு ஜெர்மனி கையளித்தது. சோவியத் தரப்பு மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

நாட்டுக்குள் போராட்டம் கடுமையாக இருந்தது. 1972 ஏப்ரல் 27 அன்று பிராண்டுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 249 வாக்குகள் தேவைப்பட்டன, 247 கிடைத்தன. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைக் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை பணம் கொடுத்து வாங்கியிருந்தது பின்னாளில் தெரியவந்தது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் 91 சதவீதத்துக்கும் மேலானோர் வாக்களித்து, பிராண்டின் கட்சியை முதல்முறையாக நாட்டின் மிகப் பெரிய கட்சியாக்கினார்கள்.

1972 டிசம்பர் 21 அன்று கையெழுத்தான அடிப்படை ஒப்பந்தத்தின் முகவுரை, தேசியப் பிரச்சினை உள்ளிட்ட அடிப்படைக் கேள்விகளில் இரு தரப்புக்கும் உள்ள கருத்து வேறுபாடுகளுக்குப் பங்கமின்றி என்று சொல்வதை மேலே சொன்ன பெர்லின் வாக்கியத்தோடு வைத்துப் படித்துப் பாருங்கள். தூதரகங்களுக்குப் பதிலாக 'நிரந்தரப் பிரதிநிதி அலுவலகங்கள்' திறக்கப்பட்டன. மேற்கின் பிரதிநிதியைக் கிழக்கு தன் வெளியுறவு அமைச்சகத்தில் வரவேற்றது, வெளிநாடு என்று காட்ட. கிழக்கின் பிரதிநிதியை மேற்கு சான்சலர் அலுவலகத்தில் வரவேற்றது, வெளிநாடு அல்ல என்று காட்ட. பவேரியா மாநில அரசு தொடுத்த வழக்கில், 1973 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. அதேசமயம் மறுஇணைப்பு என்ற இலக்கை எந்த அரசு உறுப்பும் கைவிடக் கூடாது என்றும், இரு அரசுகளுக்கும் இடையிலான எல்லை மாநிலங்களுக்கு இடையிலான எல்லைகளைப் போன்றது என்றும் கூறியது. முள்கம்பியும் கண்ணிவெடியும் நிறைந்த ஓர் எல்லையைப் பற்றி எழுதப்பட்ட வரிகள் இவை. படிக்கும்போது நடைமுறைக்கு ஒவ்வாதவையாகத் தோன்றும்; அவற்றின் பயன் பின்னால் தெரிந்தது.

நெருக்கம் கூடக்கூட அஞ்சியது கிழக்கு. 1974இல் அது தன் அரசியல் சட்டத்திலிருந்து 'ஜெர்மன் தேசம்' என்ற சொல்லை நீக்கியது. அதன் தேசிய கீதத்தில் 'ஜெர்மனி, ஒன்றுபட்ட தாயகம்' என்று ஒரு வரி இருந்ததால், பாட்டை விட்டுவிட்டு இசையை மட்டும் வாசித்தார்கள். இரண்டில் வலிமை குன்றிய தரப்பு உறவுமுறையையே அறுத்துக்கொள்வதில் பாதுகாப்புத் தேடுவது வேறிடத்திலும் நிகழ்ந்திருக்கிறது. 1991இல் இரு கொரியாக்களும் தங்கள் உறவு நாட்டுக்கும் நாட்டுக்குமான உறவு அல்ல, இணைப்பை நோக்கிய தனிவகை இடைக்கால உறவு என்று எழுதிக் கையெழுத்திட்டன. 2023இன் இறுதியில் வடகொரியா அதைக் கைவிட்டு, பகை கொண்ட இரு நாடுகள் என்று அறிவித்தது. அடுத்த மாதமே பியோங்யாங்கில் இருந்த மறுஇணைப்பு வளைவு இடிக்கப்பட்டது.

ஒரு கொள்கை வேர்பிடித்துவிட்டதா என்பதை அதை எதிர்த்தவர்கள் பதவிக்கு வந்த பிறகே அறிய முடியும். 1982இல் ஹெல்முட் கோல் சான்சலரானார்; ஒப்பந்தங்களை எதிர்த்த கட்சி அவருடையது. எதுவும் கிழிக்கப்படவில்லை. 1983இல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கிழக்கு ஜெர்மனிக்கு, அரசு உத்தரவாதத்தோடு 100 கோடி மார்க் வங்கிக் கடனை ஏற்பாடு செய்து கொடுத்தவர் பவேரியாவின் ஃபிரான்ஸ் யோசஃப் ஷ்ட்ராவ்ஸ். பத்தாண்டுகளுக்கு முன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கக் காரணமாயிருந்தவரும் அவர்தான். சினந்த அவருடைய கட்சியினர் சிலர் பிரிந்து புதுக்கட்சி தொடங்கினார்கள். 1987 செப்டம்பரில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கர் பானுக்கு வந்தபோது அவருடைய நாட்டின் கொடி ஏற்றப்பட்டு கீதம் இசைக்கப்பட்டது. ஆனால் அந்த வருகைக்கு 'பணிமுறைப் பயணம்' என்று பெயரிட்டார்கள். விருந்தில் கோல் ஜெர்மன் ஒற்றுமையைப் பற்றிப் பேசியதை இரு நாட்டுத் தொலைக்காட்சிகளும் நேரலையில் காட்டின.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 1963 முதல் 1989 வரை 33,755 அரசியல் கைதிகளைப் பான் அரசு பணமும் பொருளும் கொடுத்து விடுவித்தது. மொத்தச் செலவு 300 கோடி மார்க்குக்கும் மேல். ஆளைச் சிறையில் அடைத்து விற்கும் ஓர் அரசுக்கு அந்தப் பணம் உயிர்மூச்சானது என்ற குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்க முடியாது. எழுபதுகளுக்குப் பிறகு அரசோடு பேசிப் பேசிப் பழகிய மேற்கின் அரசியல்வாதிகள், அந்த அரசை எதிர்த்து நின்ற கிழக்கின் சின்னஞ்சிறு குழுக்களைக் கண்டும் காணாமல் போனார்கள். இது அந்தக் கொள்கையின் உண்மையான குறை என்று நினைக்கிறேன். மறுபக்கத் தட்டில் வைக்க வேண்டியவையும் உண்டு: பத்தொன்பது ஆண்டுகள் அறுந்து கிடந்த கிழக்கு-மேற்கு பெர்லின் தொலைபேசித் தொடர்பு 1971இல் மீண்டது, ஓய்வு வயதை எட்டாத கிழக்கு ஜெர்மானியர்கள் 1987இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கே வந்து போனார்கள். தங்கள் கண்ணால் மேற்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அவர்களிடம் கிழக்கு அரசின் பழைய பிரசாரம் எடுபடவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பான் அசையவில்லை. 1980 அக்டோபரில் கேரா நகரில் பேசிய ஹோனெக்கர், கிழக்கு ஜெர்மனிக்கெனத் தனிக் குடியுரிமை உண்டு என்பதை ஏற்க வேண்டும், பிரதிநிதி அலுவலகங்களைத் தூதரகங்களாக்க வேண்டும் என்று கேட்டார். பயணங்கள் இன்னும் எளிதாகும் என்றால் இதை விட்டுக்கொடுத்தால் என்ன என்று மேற்கிலேயே நல்லெண்ணத்தோடு வாதிட்டவர்கள் இருந்தார்கள். அரசு மறுத்துவிட்டது. 1913ஆம் ஆண்டின் பழைய குடியுரிமைச் சட்டமே நடப்பில் நீடித்தது. அதன்படி ஒரே ஒரு ஜெர்மன் குடியுரிமைதான். கிழக்கின் லைப்சிக்கில் பிறந்தவருக்கும் மேற்கின் ஹாம்பர்க்கில் பிறந்தவருக்கும் அது ஒன்றே.

1989 செப்டம்பரில் ஹங்கேரி தன் மேற்கு எல்லையைக் கிழக்கு ஜெர்மானியர்களுக்குத் திறந்தது. அங்கே போக முடியாதவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் இருந்த மேற்கு ஜெர்மன் தூதரகத்தின் மதிலேறிக் குதித்தார்கள். மாத இறுதியில் ஏறத்தாழ 4,000 பேர் சேற்றுத் தோட்டத்தில் கூடாரங்களில் கிடந்தார்கள். வேறொரு நாட்டின் குடிமக்கள் என்றால் அவர்கள் புகலிடம் கேட்டு நிற்கும் அந்நியர்கள். தங்கள் குடிமக்கள் என்றால் அவர்களைக் கைவிட எந்தத் தூதரகத்துக்கும் உரிமை இல்லை. செப்டம்பர் 30 மாலை வெளியுறவு அமைச்சர் கென்ஷர் மாடத்தில் நின்று, அவர்கள் புறப்படலாம் என்ற செய்தியைச் சொல்லத் தொடங்கினார். எழுந்த ஆரவாரத்தில் வாக்கியம் முடிவதற்குள் குரல் மூழ்கிவிட்டது. ரயில்கள் தன் மண் வழியாகத்தான் போக வேண்டும் என்று கிழக்கு அரசு நிபந்தனை விதித்தது. அவர்களை வெளியேற்றியது தானே என்று காட்டிக்கொள்ள அதற்கு அது தேவைப்பட்டது. வழியில் ஏறிய அதிகாரிகள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை எல்லையைத் தாண்டி ஹோஃப் நிலையத்தில் இறங்கியவர்கள், கையில் அட்டை இல்லாமலே, இறங்கிய நாட்டின் சட்டப்படி பிறந்த நாள் முதல் அதன் குடிமக்களாக இருந்தார்கள்.